வளையும் சட்டகங்களில் நீராவி: எடை ஏன் 9 சதவீதத்துக்குள் நின்றுவிட்டது?

தலவாக்கலை_கொழுந்து

அனைவருக்கும் வணக்கம். மலையகத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலில் முதுநிலை ஆய்வு செய்கிறேன். என் கையில் இருக்கும் பொருள் அலுமினிய மில்-53. உலோக அணுக்களைச் சேதன மூலக்கூறுகள் இணைத்து நுண்துளைகளோடு அமையும் உலோக-சேதனச் சட்டகங்களில் ஒன்று அது. அலுமினியம் நைத்திரேற்றையும் தெரப்தாலிக் அமிலத்தையும் நீரில் சேர்த்து, மூடிய உருக்குக் கலத்தில் 220 பாகை செல்சியஸில் 3 நாட்கள் வைத்துச் செய்தது.

ஆவிப் புறத்துறிஞ்சலை, அதாவது ஆவி திண்மத்தின் மேற்பரப்பிலும் துளைகளிலும் ஒட்டிக்கொள்வதை, தானாக அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. அதனால் பழைய முறையைக் கையாண்டேன். மூடிய கண்ணாடிப் போத்தல்களின் அடியில் நிரம்பிய உப்புக் கரைசல்களை ஊற்றி, அவற்றுக்கு மேலே சிறு கிண்ணங்களில் மாதிரியை வைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை நிறுத்தேன். இலிதியம் குளோரைட்டு 11 சதவீதச் சார் ஈரப்பதனைத் தருகிறது. மகனீசியம் குளோரைட்டு 33, பொற்றாசியம் காபனேற்று 43, சோடியம் குளோரைட்டு 75, பொற்றாசியம் குளோரைட்டு ஏறக்குறைய 85.

33 சதவீதப் போத்தலிலேயே எடை 8 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. அதன் பிறகு 85 வரை போயும் 9 சதவீதத்தைத் தொடவில்லை. கோடு மேசைபோல் தட்டையாகக் கிடக்கிறது.

இந்தப் பொருளின் மேற்பரப்பு கிராமுக்கு 1100 சதுர மீற்றருக்கு மேல் என்று ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. துளைகள் முழுவதும் நிரம்பினால் ஒரு கிராம் மாதிரி அரைக் கிராம் நீரையாவது ஏற்க வேண்டும். எனக்குக் கிடைத்ததோ அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. என் மாதிரி பழுதாகிவிட்டதா? துளைகள் இடிந்துவிட்டனவா? தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

ஹந்தானை_மூடுபனி

தங்கை, பயப்படாதீர்கள். உங்கள் எண்கள் மிக அழகான எண்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வெறுமையான மில்-53 இல் ஓர் அலுமினியத்துக்கு ஓர் ஐதரொட்சைட்டும் ஒரு தெரப்தாலேற்றும் உண்டு. அந்தச் சூத்திரத்தின் மூலக்கூற்று எடை 208. நீரின் எடை 18. ஓர் அலுமினியத்துக்கு ஒரே ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்தால் எடை கூடுவது 8.7 சதவீதம். நீங்கள் நிறுத்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

நீங்கள் மேற்கோள் காட்டும் மேற்பரப்பு, உலர்ந்து விரிந்த நிலைக்கு உரியது. அந்த நிலையில் கால்வாயின் குறுக்களவு ஏறக்குறைய 0.85 நனோமீற்றர். நீர் உள்ளே வந்ததும் கால்வாய் அதே வடிவத்தில் நிற்பதில்லை. கடைவாசலில் இருக்கும் இரும்பு மடக்குக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பிகளின் நீளம் மாறாது, ஆணிகள் கழல்வதில்லை, இருந்தும் சாய்சதுரக் கண்கள் ஒடுங்கிவிடுகின்றன. நீரேறிய மில்-53 இன் கால்வாய் 0.26 நனோமீற்றருக்கு 1.36 நனோமீற்றர் என்ற ஒடுங்கிய வடிவம். நீர் மூலக்கூறு ஒரு பக்கம் சுவரின் ஐதரொட்சைட்டோடும் மறுபக்கம் காபொட்சிலேற்று ஒட்சிசனோடும் ஐதரசன் பிணைப்பில் பற்றிக்கொண்டு இரண்டு சுவர்களையும் தன்னை நோக்கி இழுத்துவிடுகிறது. இரண்டாவது நீருக்கு இடமே இல்லை. அதனால்தான் உங்கள் கோடு தட்டையாகக் கிடக்கிறது.

இதைத்தான் இந்தத் துறையில் மூச்சுவிடல் என்கிறார்கள். ஜெராட் ஃபெரேயும் கிறிஸ்டியன் செர்ரும் பிரான்சின் வெர்சாய் நகரில் 2002 ஆம் ஆண்டு குரோமிய மில்-53 இல் இதை விளக்கினார்கள். அலுமினிய வடிவம் 2004 இல் வந்தது. சூடேற்றினால் நீர் போய்க் கால்வாய் மீண்டும் விரியும், அறைக் காற்றில் வைத்தால் மறுபடி ஒடுங்கும்.

இந்தப் பொருள்களைப் படிக்க வருகிறவர்கள் எல்லோரிடமும் நான் வலியுறுத்துவது ஒன்றே. துளையின் அளவை முதலில் கண்டுபிடித்துவிட்டு, அதில் எவ்வளவு ஆவி கொள்ளும் என்று கணக்கிடும் பழக்கம் இங்கே செல்லாது. எந்த ஆவி, எந்த அமுக்கம், எந்த வெப்பநிலை என்று சொல்லாதவரை இந்தப் பொருளுக்குத் துளையளவு என்று ஒன்று கிடையாது. விருந்தாளியும் வீடும் சேர்ந்தே வடிவத்தைத் தீர்மானிக்கின்றன.

பதுளை_எக்ஸ்கதிர்

கணக்கு பொருந்துகிறது, சரி. ஆனால் எடை மட்டும் பொருந்துவதைச் சான்றாக ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

தங்கை, தயாரித்த பிறகு மாதிரியை எந்த வெப்பநிலையில் சூடேற்றினீர்கள்? உருக்குக் கலத்திலிருந்து வரும்போது மில்-53 இன் கால்வாய்களில் வினைபுரியாத தெரப்தாலிக் அமிலம் அடைந்து கிடக்கும். ஓர் அலுமினியத்துக்கு 0.7 மூலக்கூறு வரை இருக்கலாம். சாதாரண உலர்த்தும் அடுப்பின் சூட்டுக்கு அது வெளியேறாது. காற்றில் 330 பாகை செல்சியஸில் நீண்ட நேரம் வைத்தே அதை அகற்றினார்கள். சட்டகம் 500 பாகை வரை தாங்கும், ஆகவே துணிந்து சூடேற்றலாம். அமிலம் பாதி போய்ப் பாதி நின்ற மாதிரியும் குறைந்த நீரையே ஏற்கும். அப்படியொரு மாதிரி தற்செயலாக 8.7 சதவீதத்துக்கு அருகில் வந்து நிற்க முடியாதா?

எனவே மூன்று வேலைகள். முதலாவது, வெப்ப எடையிழப்பு வரைபு. 100 பாகையை ஒட்டி நீர் போகும் படியும் சட்டகம் எரியும் படியும் மட்டும் இருக்க வேண்டும், இடையில் அமிலத்தின் படி தெரியக்கூடாது. இரண்டாவது, உலர்ந்த நிலையிலும் ஈரமேறிய நிலையிலும் சட்டகம் விரிந்ததா ஒடுங்கியதா என்று காட்டும் தூள் எக்ஸ்-கதிர் விளிம்புவளைவு. உலர்ந்ததை மூடிய கண்ணாடிக் குழாயில் வைத்தே எடுங்கள். திறந்த தட்டில் வைத்தால் கருவி ஓடி முடிவதற்குள் நம் ஊர்க் காற்று அதை ஒடுக்கிவிடும். மூன்றாவது, ஏறும் கோட்டோடு நிறுத்தாமல் இறங்கும் கோட்டையும் எடுங்கள். 85 இலிருந்து 75, 43, 33, 11 என்று அதே கிண்ணத்தை இறக்குங்கள்.

தலவாக்கலை_கொழுந்து

நன்றி அண்ணா. 330 பாகையில் உலையில் வைத்தேன். எடையிழப்பு வரைபும் எடுத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் இடைப்படி அதில் இல்லை. எக்ஸ்-கதிர் இன்னும் எடுக்கவில்லை, முறை வருவதற்குக் காத்திருக்கிறேன். இறங்கும் கோட்டை இன்றே தொடங்குகிறேன்.

வெலிமடை_ஆசிரியர்

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிப்பவன். ஆழ்ந்த விடயங்கள் எனக்குப் புதியவை. இருந்தும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே வளியமுக்கம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். நீரும் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அப்படியானால் நீராவிப் புறத்துறிஞ்சலும் அங்கே குறைவாக இருக்குமா? மாணவர் ஒருவர் கேட்டார், தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அடுத்தது, தங்கையின் கோட்டின் வடிவம். பாடநூலில் நாங்கள் கற்பிக்கும் லாங்மியர் கோடு மெதுவாக வளைந்து நிரம்பலை அடைகிறது. தங்கையின் கோடோ ஒரே படியாக எழுந்து தட்டையாகிவிடுகிறதே, அந்தப் படி எப்படி உண்டாகிறது?

ஹந்தானை_மூடுபனி

சேர், முதல் கேள்வி அருமையானது. நீராவியின் புறத்துறிஞ்சலை ஆள்வது வளியின் மொத்த அமுக்கம் அல்ல. நீராவியின் பகுதியமுக்கத்தை அந்த வெப்பநிலையில் உள்ள நிரம்பிய ஆவியமுக்கத்தால் வகுத்து வரும் விகிதம்தான். நிரம்பிய ஆவியமுக்கம் உயரத்தைப் பார்ப்பதில்லை, வெப்பநிலையை மட்டும் பார்க்கிறது. 25 பாகையில் 3.17 கிலோபசுக்கல், 15 பாகையில் 1.71 கிலோபசுக்கல். நுவரெலியாவின் குளிரான அறையில் 60 சதவீத ஈரப்பதன் என்றால், கொழும்பின் 60 சதவீதத்தைவிடக் காற்றில் உள்ள நீர் மிகக் குறைவு. ஆயினும் பொருள் ஏற்றுக்கொள்ளும் அளவு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். உயரம் வேறொரு வகையில் உதவுகிறது. வளி அடர்த்தி குறைவதால் நீராவி அதனூடே சற்று வேகமாகப் பரவும், போத்தல் சமநிலைக்குச் சீக்கிரம் வரும்.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டும்.

வளையும் சட்டகம் ஒன்று மூடிய நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறக்கச் சக்தி செலவாகும். உள்ளே ஆவி மூலக்கூறுகள் அமர்ந்தால் சக்தி வெளிவரும். அமுக்கம் குறைவாக இருக்கும்போது உள்ளே வரக்கூடிய மூலக்கூறுகள் சில மட்டுமே, அவற்றால் வரும் இலாபம் திறக்கும் செலவுக்குப் போதாது. அமுக்கம் ஏற ஏற இலாபம் கூடி, ஒரு குறிப்பிட்ட அமுக்கத்தில் செலவை விஞ்சுகிறது. அந்த இடத்தில் பளிங்கு முழுவதும் ஒருசேரத் திறந்து, ஆவி மொத்தமாக உள்ளே பாய்கிறது. இதுவே கதவு திறக்கும் படி. லாங்மியர் கோட்டில் இது வர வழியே இல்லை, ஏனென்றால் அங்கே மேற்பரப்பு மாறாதது என்பதுதான் முதல் எடுகோள்.

சரியான எடுத்துக்காட்டு, பைபிரிடீன் இணைத்த செம்புச் சட்டகமான எல்ம்-11. காபனீரொட்சைட்டைக் குறைந்த அமுக்கத்தில் ஏறிட்டும் பார்க்காது, கதவமுக்கம் வந்ததும் அள்ளிக்கொள்ளும். ஜப்பானில் கனேகோ குழுவினர் 2001 இல் இதை வெளியிட்டார்கள்.

மில்-53 இன் கதை இன்னும் சுவையானது. உலர்ந்த நிலையில் அது விரிந்தே இருக்கிறது. கொஞ்சம் காபனீரொட்சைட்டு வந்ததும் ஒடுங்குகிறது, ஏனெனில் ஒடுங்கிய கால்வாயில் அந்த வாயுவுக்குப் பிடிப்பு அதிகம். அமுக்கம் மேலும் ஏறும்போது ஒடுங்கிய இடத்தில் மூலக்கூறுகள் கொள்ளாமல் மறுபடி விரிகிறது. அதனால் இரண்டு படிகள். சுவரை மிக இறுகப் பற்றும் நீர், தங்கையின் மாதிரியை முதல் படியோடு நிறுத்திவிட்டது.

உலர்ந்த நிலையில் ஏன் விரிந்திருக்கிறது என்று கேட்பீர்கள். வெப்ப அசைவுதான் காரணம். விரிந்த வடிவத்தில் அணுக்கள் அசைய இடம் அதிகம், ஒழுங்கின்மையைக் குறிக்கும் எந்திரப்பி கூடுகிறது. குளிர்வித்தால் சுவர்களின் தன்னீர்ப்பு வெல்கிறது. விருந்தாளி எதுவும் இல்லாத அலுமினிய மில்-53, 150 கெல்வினுக்குக் கீழே போகும்போது தானாக ஒடுங்குகிறது. மீண்டும் விரிய 325 கெல்வினுக்கு மேல் சூடேற்ற வேண்டும். போன வழி வேறு, திரும்பும் வழி வேறு. ஆவியை ஏற்றி இறக்கும்போதும் இதே குணம்தான் தெரிகிறது.

வியப்பின் உச்சம் டி.யூ.டி-49. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஸ்டெஃபான் காஸ்கல் குழுவினர் 2016 இல் காட்டினார்கள். மெதேனின் அமுக்கத்தை ஏற்றிக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் அந்தச் சட்டகம் சட்டென்று சுருங்கி, ஏற்கெனவே உள்ளிழுத்த வாயுவில் ஒரு பகுதியை வெளியே தள்ளுகிறது. அமுக்கம் கூடும்போது உள்ளிருக்கும் அளவு குறைகிறது! சாதாரண அறை வெப்பநிலையில் பியூட்டேன் ஆவியோடும் இதே நிகழ்ச்சியைக் கண்டார்கள். இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2025 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு சுசுமு கிட்டகாவா, ரிச்சர்ட் ரொப்சன், ஒமர் யாகி ஆகிய மூவருக்கும் உலோக-சேதனச் சட்டகங்களுக்காகக் கிடைத்ததை மாணவர்களிடம் சொல்லுங்கள். இந்தச் சட்டகங்கள் வளைந்து கொடுக்கும் பொருள்களாகவும் அமையும் என்று 1990களின் இறுதியிலேயே எடுத்துச் சொன்னவர் கிட்டகாவா.

பதுளை_எக்ஸ்கதிர்

மேலே உள்ள விளக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு, படி கண்ட இடமெல்லாம் கதவு திறந்தது என்று எழுதும் கட்டுரைகள் குவிந்துகொண்டிருக்கின்றன. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

படிக்கு இன்னொரு காரணம் உண்டு. சட்டகம் அசையாமலே, துளைக்குள் நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கூடித் திரண்டு ஒரே மூச்சில் துளையை நிரப்பலாம். குரோமிய மில்-101 விறைப்பான சட்டகம். பெருங்குகைகள் கொண்டது. சார் ஈரப்பதன் 40 முதல் 50 சதவீதத்தை ஒட்டி அதன் கோடு செங்குத்தாக ஏறித் தன் எடையளவு நீரை ஏற்றுக்கொள்கிறது. அங்கே எந்தக் கதவும் திறக்கவில்லை. அலுமினியம் பியூமரேற்று என்ற இன்னொரு விறைப்பான சட்டகம் 20 முதல் 30 சதவீதத்துக்கு இடையில் படி காட்டுகிறது. அதுவும் நீர் திரள்வதால் வருவது.

இறங்கும் கோடு தனி வழியில் போவதையும் உடனே கதவின் சான்று என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. 25 பாகையில் நீருக்கு ஒரு வரம்பு இருக்கிறது. துளையின் விட்டம் ஏறக்குறைய 2 நனோமீற்றரைத் தாண்டினால் ஆவி துளைக்குள் திரவமாகும் நுண்குழாய் ஒடுக்கம் நிகழ்ந்து, ஏறும் கோடும் இறங்கும் கோடும் தாமாகவே பிரியும். அதற்குக் கீழே உள்ள விறைப்பான துளையில் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். ஆகவே துளை சிறியது, கோடுகளோ அகலமாகப் பிரிகின்றன, எவ்வளவு மெதுவாக அளந்தாலும் அந்த இடைவெளி மூடவில்லை என்றால் மட்டும் வளைவைச் சந்தேகிக்கலாம். உறுதிப்படுத்த ஆவியின் நடுவிலேயே எடுத்த எக்ஸ்-கதிர் வேண்டும்.

பளிங்கின் பருமனும் முக்கியம். கிட்டகாவா குழுவினர் 2013 இல் ஒரு செம்புச் சட்டகத்தின் பளிங்குகளை மிகச் சிறிதாக்கியபோது, ஆவியை வெளியேற்றிய பிறகும் அவை திறந்த நிலையிலேயே நின்றன. பருமனைக் குறிப்பிடாமல் கதவமுக்கத்தை மட்டும் எழுதினால் அந்த எண்ணை வேறொரு ஆய்வகத்தில் மீண்டும் பெற முடியாது.

மேற்பரப்பைக் காணச் செய்யும் நைதரசன் அளவீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பு மில்-53 ஐ உலர்த்தினால் அது மூடிக்கொள்கிறது. 77 கெல்வினில் நைதரசன் உள்ளே போகாது. மேற்பரப்பு பூச்சியம் என்று எண் வரும். அதைப் பார்த்துத் துளையற்ற பொருள் என்று குப்பையில் போட்டால் இழப்பு நமக்குத்தான். ஏற்ற ஆவியைக் கொடுத்தால் அதே பொருள் திறந்து காட்டும்.

டீமேக்கர்_டிக்கோயா

ஐயாமாரே, நான் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக வேலை செய்கிறேன். என் மகள் இந்த இழையைக் காட்டினாள். முழுவதும் விளங்கியது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஈரத்தோடு மல்லுக்கட்டுவதே என் வாழ்க்கை.

கொழுந்தை வாட்டும்போது ஈரம் போக வேண்டும், ஆனால் அளவோடு போக வேண்டும். ட்ரையரிலிருந்து தூள் வரும்போது ஈரம் ஏறக்குறைய 3 சதவீதம்தான். அதற்குப் பிறகு சலித்து, தரம் பிரித்து, மூடையில் கட்டும்வரை அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் எங்கள் பக்கம் சலிக்கும் அறையில் சுவரே வியர்க்கும். அதே மாதங்களில் ஊவாப் பக்கம் கச்சான் காற்று வீசி அவர்களுக்கு நல்ல தேயிலைக் காலம். தூள் ஈரத்தை மட்டுமா இழுக்கிறது, மண்ணெண்ணெய் வாடை, பெயின்ற் வாடை எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும்.

நீங்கள் பேசும் பொருளைச் சேமிப்பு அறையில் வைத்து ஈரத்தைப் பிடிக்க முடியுமா? சிலிக்கா ஜெல்லை விட இது எந்த வகையில் மேல்?

ஹந்தானை_மூடுபனி

ஐயா, இந்த இழையில் இதுவரை வந்த கேள்விகளில் இதைத்தான் மிகப் பெறுமதியானதாக நினைக்கிறேன். உங்கள் தேயிலைத் தூளே ஒரு புறத்துறிஞ்சி. அதற்கும் சமவெப்பக் கோடு உண்டு, அதாவது ஒரே வெப்பநிலையில் ஈரப்பதனுக்கு ஏற்ப எவ்வளவு நீரை ஏற்கும் என்று காட்டும் கோடு. 3 சதவீத ஈரத்தில் அதை நிறுத்த வேண்டுமானால் சுற்றியுள்ள காற்று மிக உலர்ந்திருக்க வேண்டும்.

சிலிக்கா ஜெல் ஈரப்பதன் ஏற ஏறப் படிப்படியாக நீரை எடுக்கிறது. அதை மறுபடி உலர்த்த, சாதாரணமாக 100 பாகைக்கு மேல் சூடு தேவை. படியுள்ள பொருளின் பலம் வேறு. படிக்குச் சற்றுக் கீழே காலியாக இருக்கும், சற்று மேலே போனதும் நிறைந்துவிடும். அதனால் ஈரப்பதனிலோ வெப்பநிலையிலோ சிறு மாற்றம் செய்தாலே முழுக் கொள்ளளவையும் ஏற்றி இறக்கலாம். அலுமினியம் பியூமரேற்றைப் போன்றவற்றை 100 பாகைக்குக் கீழேயே உலர்த்திவிட முடியும். ட்ரையருக்குச் சூடான காற்றைக் கொடுக்கும் அடுப்பு உங்களிடம் இருக்கிறது. அந்தச் சுத்தமான சூட்டுக் காற்றில் ஒரு சிறு பங்கைத் திருப்பிவிட்டால் போதும். ட்ரையரிலிருந்து வெளியேறும் காற்றைப் பயன்படுத்தாதீர்கள். அது கொழுந்தின் ஈரத்தைச் சுமந்து வருவது, உலர்த்த உதவாது.

எந்தப் பொருளானாலும் தூளோடு கலக்கக்கூடாது, மூடைக்குள்ளும் போடக்கூடாது. அறைக் காற்றை ஒரு பெட்டியின் வழியாகச் சுற்றவிட்டு, பெட்டிக்குள் மட்டும் இந்தப் பொருளை வைக்க வேண்டும். எம்.ஓ.எஃப்-5 போன்ற நாக (துத்தநாக) உலோகச் சட்டகங்கள் ஈரக் காற்றிலேயே சிதைந்துவிடும். அவை டிக்கோயாவுக்கு ஆகவே ஆகாது.

பதுளை_எக்ஸ்கதிர்

ஐயாவுக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். இன்று உங்கள் அறைக்கு வேண்டியது விறைப்பான சட்டகம். அலுமினியம் பியூமரேற்றை அலுமினியம் சல்பேற்றிலிருந்தும் பியூமரிக் அமிலத்திலிருந்தும் நீரிலேயே செய்யலாம். சேதனக் கரைப்பான் தேவையில்லை. வளையும் பொருளை மாத்திரைகளாக அழுத்திப் பெட்டியில் நிரப்பினால், ஒவ்வொரு முறை மூச்சுவிடும்போதும் கனவளவு மாறி, மாத்திரைகள் வெடித்துத் தூளாகும். மில்-88 வகைச் சட்டகங்களில் கனவளவு 85 இலிருந்து 230 சதவீதம் வரை கூடுகிறது என்று 2007 இல் வந்தது. அப்படி ஊதும் பொருளை எந்தக் குழாயில் அடைப்பது?

ஹந்தானை_மூடுபனி

இங்கேதான் நாம் பிரிகிறோம் நண்பரே. நீருக்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். டீமேக்கர் ஐயா வாடையைப் பற்றியும் சொன்னார், அதை மறந்துவிட்டீர்கள். மழைக்காலக் காற்றில் நீராவி ஏராளம், மண்ணெண்ணெய் ஆவியோ சொற்பம். விறைப்பான நீர்விரும்பிச் சட்டகம் முதலில் நீரால் நிறைந்துவிடும். வளையும் சட்டகத்துக்கு மூலக்கூறின் வடிவத்தையும் பிடிப்பையும் பார்த்துத் திறக்கும் குணம் உண்டு. அதை வைத்து ஒரு ஆவியை ஏற்று இன்னொன்றை வாசலிலேயே நிறுத்தலாம். ஸிஃப்-8 என்ற சட்டகம் நீரைக் கிட்டத்தட்ட ஏற்பதே இல்லை, அற்ககோல் ஆவியைத் தாராளமாக எடுக்கிறது. அதன் இமிடசோல் வளையங்கள் சற்றுத் திரும்பி வழிவிடுவதால், வாசலின் அளவைவிடப் பெரிய மூலக்கூறுகளும் நுழைகின்றன.

வெப்பத்தையும் நினையுங்கள். ஆவி அமரும்போது சூடு பிறக்கிறது, சூடானால் கொள்ளளவு குறைகிறது. வளையும் சட்டகம் திறப்பதற்கே அந்தச் சூட்டில் ஒரு பங்கைச் செலவழித்துவிடும். ஜெஃப்ரி லாங் குழுவினர் 2015 இல் மெதேன் சேமிப்பில் இதைத்தான் பயன்படுத்தினார்கள். மாத்திரை வெடிப்பது பொறியியல் சிக்கல். அதற்காகப் பொருளையே ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

பதுளை_எக்ஸ்கதிர்

தேயிலை அறையில் 200 முறை மூச்சுவிட்டும் உடையாத ஒரு மாத்திரையைக் காட்டுங்கள், அன்று என் எதிர்ப்பை விடுகிறேன். அதுவரை தொழிற்சாலைக்காரர் ஒருவரிடம் இதைச் சிபாரிசு செய்ய என்னால் முடியாது. ஆய்வகத்தில் 5 மில்லிகிராமில் கிடைத்த கோட்டுக்கும் 50 கிலோகிராம் பெட்டிக்கும் இடையில் நீண்ட தூரம் இருக்கிறது.

வெலிமடை_ஆசிரியர்

எங்கள் பக்கம் வறட்சி வரும் மாதங்களில் குடிநீருக்கே தட்டுப்பாடு. காற்றிலிருந்து நீர் எடுக்கும் சட்டகங்கள் என்று பத்திரிகையில் படித்தேன். அது நமக்கு உதவுமா? வகுப்பில் செய்துகாட்டக்கூடிய எளிய பரிசோதனை ஏதும் இருந்தாலும் சொல்லுங்கள்.

ஹந்தானை_மூடுபனி

சேர், யாகியும் ஈவ்லின் வாங்கும் 2017 இல் எம்.ஓ.எஃப்-801 என்ற சேர்க்கோனியம் சட்டகத்தால் செய்தது, 20 சதவீத ஈரப்பதன் மட்டுமே உள்ள பாலைவனக் காற்றுக்கானது. அதன் படி அவ்வளவு கீழே இருப்பதே அதன் சிறப்பு. பனிமூட்டம் தவழும் மலைமுகடுகளில் நீர் ஏற்கெனவே துளிகளாக இருக்கிறது, அங்கே வலைகட்டிப் பிடிப்பது மலிவு. வெலிமடையின் வறண்ட மாதங்களில்கூடக் காற்று பாலைவனம்போல் உலர்வதில்லை. படி 40 சதவீதத்தை ஒட்டியுள்ள பொருள் நமக்கு ஏற்றது. அதிக நீரைத் தரும், விடுவிக்கவும் குறைந்த சூடு போதும்.

வகுப்புக்கு எச்.கே.யூ.எஸ்.டி-1 என்ற செம்புச் சட்டகம் பொருத்தமானது. 1999 இல் ஹொங்கொங்கில் வெளியானது. நன்கு உலர்த்தினால் கருநீலம், ஈரக் காற்றில் வைத்தால் வெளிர் நீலம். நீர் மூலக்கூறு செம்பின் வெற்றிடத்தில் போய் அமர்வதை மாணவர்கள் கண்ணாலேயே காணலாம். அது வளையும் சட்டகம் அல்ல என்பதையும் சொல்லிக்கொடுங்கள். நீண்ட நாள் ஈரத்தில் விட்டால் சிதையும், மூடிய போத்தலில் வையுங்கள்.

தலவாக்கலை_கொழுந்து

எல்லோருக்கும் என் நன்றி. இரண்டு செய்திகள்.

எக்ஸ்-கதிர் முறை கிடைத்துவிட்டது. மூடிய குழாயில் வைத்த உலர்ந்த மாதிரி விரிந்த வடிவத்தின் கோலத்தைத் தருகிறது. அதே தூளைத் திறந்து அறைக் காற்றில் வைத்து எடுத்தபோது முதல் உச்சங்கள் எல்லாம் இடம் மாறி, ஒடுங்கிய நீரேறிய வடிவத்தின் கோலம் வந்தது. விரிந்த வடிவத்தின் உச்சம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பதுளை அண்ணா கேட்ட இறங்கும் கோட்டில், 11 சதவீதப் போத்தலுக்கு வந்த பிறகும் நீரின் பெரும்பகுதி உள்ளேயே இருக்கிறது.

இப்போது ஒரு புதிய சிக்கல். 75, 85 சதவீதப் போத்தல்களில் சில காலைகளில் கண்ணாடியின் உட்புறம் நீர்த்துளிகள் நிற்கின்றன. அன்றைய எடைகளை நம்பலாமா?

பதுளை_எக்ஸ்கதிர்

நம்பாதீர்கள். இரவில் உங்கள் அறை 20 பாகையிலிருந்து 15 க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 பாகையில் நிரம்பிய ஆவியமுக்கம் 2.34 கிலோபசுக்கல், அதில் 75 சதவீதம் 1.75. கரைசலுக்கு முன்பே கண்ணாடிச் சுவர் 15 பாகைக்குக் குளிர்ந்துவிட்டால், அங்கே நிரம்பல் 1.71 மட்டுமே. ஆவி சுவரில் ஒடுங்கத்தான் செய்யும். துளி மாதிரியின் மேல் சொட்டினால் அந்தப் புள்ளி வீண்.

போத்தல்களைத் தடித்த ரெஜிபோம் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டிக்குள் ஒரு பெரிய நீர்ப் பாத்திரத்தையும் வைத்தால் வெப்பநிலை மெதுவாகவே மாறும். மலிவான வெப்பநிலைப் பதிகருவி ஒன்றை உள்ளே போட்டு, இரவு முழுவதும் ஒரு பாகைக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். கிண்ணத்தை நிறுக்கும்போது மூடியோடு நிறுங்கள். உங்கள் எக்ஸ்-கதிர் முடிவு எனக்குத் திருப்தி. மூச்சுவிடுகிறது என்று நீங்கள் தாராளமாக எழுதலாம்.

ஹந்தானை_மூடுபனி

11 சதவீதத்திலும் நீர் வெளியேறவில்லை என்பதைத் தனியாக எழுதுங்கள் தங்கை. டீமேக்கர் ஐயாவின் அறைக்கு இந்த மில்-53 ஏன் பொருந்தாது என்பதற்கு அதுவே விடை. உள்ளே வந்த நீரை இலகுவில் விடாது, கொள்வதும் 9 சதவீதத்துக்குள். அடுத்ததாக அதே போத்தல் முறையில் அலுமினியம் பியூமரேற்றை அளந்து, இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து இங்கே இடுங்கள். ஐயா, உங்கள் சலிக்கும் அறையில் ஈரமானி இருந்தால் மழைக்கால அளவுகளைக் காலை, மதியம், இரவு என்று குறித்துத் தரமுடியுமா? படி எங்கே விழ வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

டீமேக்கர்_டிக்கோயா

ஈர உலர் வெப்பமானி இரண்டு இருக்கின்றன, ஒன்று வாட்டும் தளத்தில், ஒன்று சலிக்கும் அறையில். ஏட்டில் பழைய பதிவுகளும் உண்டு. மகளிடம் சொல்லித் தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.